பழுதான ஸ்கேனர் அல்ல, அறிமுகம் இல்லாத ஸ்கேனர்

திரையில் தெரிவது ஒரு நெகட்டிவ் துண்டு. 35 மில்லிமீட்டர் அகலம், வரிசையாக ஆறு படங்கள். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். படம் இருப்பது அந்த மங்கல் பக்கத்தில்; விரல் படவே கூடாத பக்கமும் அதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துண்டு முழுவதும் செம்மஞ்சளாகத் தெரியும். கறுத்த கூந்தல் வெளுத்துக் கிடக்கும், வெள்ளைச் சட்டை கறுத்துக் கிடக்கும். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கலர்ப் படம் பரவிய காலத்தில் கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா, காமன் கூத்து என்று எடுத்த படங்களின் மூலம் இப்படிப்பட்ட துண்டுகளில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு ஃபிலிம் ஸ்கேனர். மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, உள்ளே மோட்டார் ஓடும் சத்தமும் கேட்கிறது. ஆனால் புதிய மடிக்கணினியில் செருகினால், கணினி அதைத் தெரியாத சாதனம் என்று எழுதி, மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டு நிறுத்திவிடுகிறது. பலர் இந்த இடத்தில் ‘மெஷின் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டி, பழைய சாமானோடு போட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. புதிய கணினிக்கு அதை யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அறிமுகத்தைச் செய்ய முடியும் என்பதையும், கொஸ்லந்த போன்ற ஊர்களில் அதைச் செய்தே ஆகவேண்டும் என்பதையும் இந்தக் காணொளியில் படிப்படியாகப் பார்ப்போம்.

ஏன் கொஸ்லந்த? பெரகலையிலிருந்து வெல்லவாய இறங்கும் வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலே இருக்கிற சிறிய ஊர் அது. அதை ஒட்டிய மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிரிழந்தோரும் காணாமல் போனோரும் எத்தனை பேர் என்று முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது; பிறகு அந்தக் கணக்கு பெரிதும் குறைந்தது. ஒரு லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்வதற்கே அவ்வளவு தடுமாற்றம். உயிருக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் உயிர் தப்பியவர்களின் கையில் பிறகு என்ன மிஞ்சியது என்பதையும் கேட்க வேண்டும். அடையாள அட்டை தொலைந்தால் இன்னொன்று எடுக்கலாம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்குப் பதிவாளர் அலுவலகத்தில் மூலம் இருக்கும். வங்கிப் புத்தகம் போனால் வங்கியில் கணக்கு இருக்கும். இறந்துபோன அம்மாவின் படத்துக்கு மட்டும் எந்தக் கந்தோரிலும் பதிவேடு கிடையாது. தகரப் பெட்டியில் இருந்த ஒற்றைப் பிரதி மண்ணோடு போனால், அந்த முகம் பார்த்தவர்களின் நினைவில் மட்டும்தான் மிஞ்சும். ஒரே பிரதி, அதுவும் சரியக்கூடிய மலையில்: இந்த விடயத்தின் அவசரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலையக மக்களுக்குக் காகிதம் எப்போதுமே உயிர் சம்பந்தப்பட்ட விடயமாக இருந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களிடம் அந்த ஆதாரம் இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாக ஆனார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் கேள்வி ஒன்றுதான்: 1964 ஒக்டோபர் 30 முதல் நீயோ உன் முன்னோரோ இங்கே இருந்தீர்களா? குடும்பப் படம் ஒன்று சட்டப்படி இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாமல் போகலாம். ஆனால் இன்ன தோட்டத்தில், இன்ன கோயில் வாசலில், இன்ன வருடத்தில் இவர்கள் நின்றார்கள் என்று அது காட்டுகிறது. ஒப்பந்தத்தால் ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவின் கூடலூருக்குப் போயிருப்பான், தம்பி இலங்கையின் ஊவாவில் தங்கியிருப்பான். கப்பல் ஏறும் முன் சேர்ந்து எடுத்த படம் ஒன்று இருந்தால், அந்தக் குடும்பம் ஒன்றாக இருந்ததற்குக் கண்கண்ட சாட்சி அதுதான்.

‘தோட்டத்துப் படங்கள்தான் அருங்காட்சியகங்களில் நிறைய இருக்கின்றனவே’ என்று சிலர் சொல்லலாம். இருக்கின்றன. ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே போன்ற கொழும்பு, கண்டி நிறுவனங்கள் காலனிக் காலத்தில் தேயிலை மலைகளை ஏராளமாகப் படம் பிடித்தன. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் தன் கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். அவரும் தோட்டத் தொழிலாளரைப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் உள்ளவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். ‘தொழிலாளி’, ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று முடிவு செய்தவர் கமராவுக்குப் பின்னால் இருந்தவர். ஸ்டூடியோவுக்குப் போய்த் தன் காசில் எடுத்துக்கொண்ட படத்தில் கதை மாறுகிறது. எந்தச் சேலை உடுத்துவது, கையில் மணிக்கூடு தெரிய வேண்டுமா, பக்கத்தில் யார் நிற்பது என்பதையெல்லாம் படத்தில் இருப்பவரே தீர்மானித்தார். தொழிலாளி தன்னை எப்படிப் பார்க்க விரும்பினார் என்பதற்கு இந்தப் படங்களைத் தவிர நம்மிடம் வேறு ஆவணம் குறைவு. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தேடித் தேடி எண்ணிமப்படுத்தியதும் இந்த மதிப்பை உணர்ந்துதான்.

மலை சரியாவிட்டாலும் நெகட்டிவ் அப்படியே இருந்துவிடாது. ஃபிலிமின் மேல் படம் தங்கியிருக்கும் படலம் ஜெலட்டின். விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் பொருள் அது; பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. பனியும் மழையும் மாறி மாறி இறங்கும் ஊரில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், வலை பின்னியது போல் பூஞ்சை படர்வது சாதாரணம். அடியில் இருக்கும் அசிட்டேட் தகடும் ஈரத்தாலும் சூட்டாலும் சிதையும். பெட்டியைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அந்தச் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு ஃபிலிம் சுருங்கி நெளியும், படலம் பிரியும். கலர் நெகட்டிவில் இதற்கு மேல் சாயமும் மங்குகிறது. ஆகவே ‘பிறகு பார்க்கலாம்’ என்பது நடுநிலையான முடிவு கிடையாது. ஒவ்வொரு மழைக்காலமும் படத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகிறது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1990களின் இறுதியிலிருந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஃபிலிம் ஸ்கேனரின் பொற்காலம். நிக்கோனின் கூல்ஸ்கேன், மினோல்டாவின் டிமாஜ் ஸ்கேன் இரண்டும் அந்தக் காலத்துப் பெயர்கள். பிறகு டிஜிட்டல் கமரா வந்தது, சந்தை சுருங்கியது. கொனிக்கா மினோல்டா 2006இல் கமராத் தொழிலையே விட்டு விலகியது. நிக்கோனும் சில ஆண்டுகளில் கூல்ஸ்கேனை நிறுத்தியது. செய்தவர்கள் நிறுத்தினார்கள் என்பதால் செய்த பொருளின் தரம் குறைந்துவிடவில்லை. 4,000 டிபிஐ (அங்குலத்துக்கு 4,000 புள்ளி) அளவில் ஒரு கூல்ஸ்கேன் 36க்கு 24 மில்லிமீட்டர் சட்டகத்தை வாசித்தால் அகலத்தில் 5,669, உயரத்தில் 3,780 புள்ளிகள்; மொத்தம் இரண்டு கோடியே 14 இலட்சம். அதே காட்சியின் நாலுக்கு ஆறு அங்குல அச்சுப் படத்தை வழக்கமான 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 21 இலட்சத்து 60 ஆயிரம், அதாவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. பின்வரிசையில் நிற்கும் பாட்டியின் முகம் அச்சில் ஒரு புள்ளியாக இருக்கலாம்; நெகட்டிவில் அவருடைய மூக்குத்தி வரை இருக்கலாம்.

அப்படியானால் புதிய கணினி ஏன் அதை ஏற்க மறுக்கிறது? தடை மூன்று படியில் இருக்கிறது: கேபிள், டிரைவர், மென்பொருள். எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதால்தான் ஆட்கள் களைத்துப் போகிறார்கள். முதலில் ஸ்கேனரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். சதுரமாக, மேல் இரண்டு மூலையும் சரித்து வெட்டியது போல் ஒரு துளை இருந்தால் அது யுஎஸ்பி. உங்களுக்கு அதிர்ஷ்டம், பிரிண்டருக்குப் போடும் அதே கேபிள் போதும், மடிக்கணினியில் டைப்-சி மட்டுமே இருந்தால் சாதாரண மாற்றி ஒன்று போதும். கணினி ஸ்கேனரைக் கண்டுபிடிப்பதும் விடுவதுமாக இருந்தால், தனி மின்சாரம் உள்ள பழைய யுஎஸ்பி 2.0 ஹப் ஒன்றை நடுவில் வைத்துப் பாருங்கள். புதிய வேகமான துளைகளோடு பழைய சாதனங்கள் சில சமயம் ஒத்துப்போகாது. ஒரு முனை மட்டும் கூம்பிய சிறிய நீள்சதுரத் துளை என்றால் அது ஃபயர்வயர். கூல்ஸ்கேன் 4000, 8000, 9000 இந்த வகை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் உள்ள மலிவான கேபிளை வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசுபவை. வெறும் கம்பி அவற்றுக்கு இடையே மொழிபெயர்க்காது. மேசைக் கணினி என்றால் உள்ளே ஒரு ஃபயர்வயர் அட்டையைப் பொருத்துவதுதான் வழி. மேக் வைத்திருப்போர் தண்டர்போல்ட் மாற்றிகளைச் சங்கிலியாகப் போட்டு இதுவரை ஓட்டினார்கள். 2025இல் வந்த மேக் ஓஎஸ் 26 ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டதால், அந்த வழியை நம்புவோர் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முன் யோசிக்க வேண்டும். அகலமான, நிறைய ஊசிகள் உள்ள துளை என்றால் அது ஸ்கஸி. அதைப் புதிய கணினியோடு மல்லுக்கட்ட வைப்பதை விட, அது ஓடிய பழைய கணினியையே தேடிப் பிடிப்பது நல்லது.

கேபிளுக்கு முன்னால் இன்னொன்று: மின்சாரம். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாதனமாக இருந்தால் மின் அடாப்டரிலோ அடியில் உள்ள தகட்டிலோ எழுதியிருப்பதை வாசியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 100 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகிய அந்த நொடியில் உண்மையாகவே செத்துப்போகும்.

இரண்டாவது படி டிரைவர். ஸ்கேனர் ஒரு மொழி பேசுகிறது, விண்டோஸ் ஒரு மொழி பேசுகிறது, நடுவில் நின்று இரண்டையும் சேர்த்து வைப்பது டிரைவர். நிக்கோனின் கடைசி மென்பொருளான நிக்கோன் ஸ்கேன் 4.0.3, விண்டோஸ் விஸ்டாவின் 32 பிட் பதிப்போடு நின்றுவிட்டது. 64 பிட்டுக்கு நிக்கோன் டிரைவர் வெளியிடவே இல்லை. இன்றைய விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் மட்டுமே வருகிறது. முட்டுச்சந்து போல் தெரிகிறது. ஆனால் உள்ளே பார்த்தால் ஒரு நல்ல செய்தி. யுஎஸ்பி கூல்ஸ்கேன்களுக்கு உண்மையான வேலையைச் செய்வது விண்டோஸுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொதுவான ஸ்கேனர் டிரைவர்தான். நிக்கோன் கொடுத்தது பெரும்பாலும் ஐஎன்எஃப் என்ற ஒரு எழுத்துக் கோப்பு. ‘இந்த எண்ணுள்ள சாதனம் வந்தால் அந்தப் பொது டிரைவரிடம் அனுப்பு’ என்று சொல்லும் அறிமுகக் கடிதம். அந்தக் கடிதத்தில் 64 பிட்டுக்கான பத்தி எழுதப்படவில்லை. அதைச் சேர்த்து எழுதினால் வேலை முடிந்தது. பலர் அப்படித்தான் இன்றும் ஓட்டுகிறார்கள். திருத்திய கடிதத்தில் நிறுவனத்தின் மின்கையொப்பம் இருக்காது என்பதால், விண்டோஸை மேம்பட்ட தொடக்கத்தில் திறந்து, கையொப்பச் சோதனையை அந்த ஒரு முறைக்கு மட்டும் நிறுத்திவிட்டு நிறுவ வேண்டும். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது சோதனை தானாகத் திரும்பிவிடும்.

கோப்பைத் திருத்தக் கை நடுங்குகிறது என்றால் மூன்றாவது படியில் நேரான வழி உண்டு. வியூஸ்கேன் என்ற மென்பொருள் 1998 முதல் வருகிறது. தயாரித்த நிறுவனங்கள் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களோடு நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டதே அதன் சிறப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் வாங்கும் முன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். சோதனைப் படத்தின் மேல் ஒரு முத்திரை விழும், அவ்வளவுதான். காசே இல்லை என்றால் லினக்ஸில் சேன் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. கூல்ஸ்கேன்களுக்கென்றே அதில் ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வழி, புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, அதில் பழைய 32 பிட் விண்டோஸை ஓட்டி, யுஎஸ்பி ஸ்கேனரை அதனிடம் ஒப்படைப்பது. ஃபயர்வயர் ஸ்கேனருக்கு இந்த வழி பொதுவாகச் சரிவராது. எல்லாவற்றையும் விட எளிய வழி, ஸ்கேனரோடு வந்த பழைய கணினியையும் சிடியையும் சேர்த்தே வைத்திருப்பது. ஸ்கேனரும் கணினியும் ஒரு சோடி. ஒன்றை மட்டும் விற்றால் மற்றது ஊமையாகிவிடும்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும்: ‘பழைய விண்டோஸ் ஆபத்தில்லையா?’ ஆபத்துத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2014 ஏப்ரலோடு நின்றது; விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆனால் ஆபத்து வரும் வழி இணையம். ஸ்கேன் செய்யும் கணினிக்கு இணையம் தேவையில்லை. வைஃபையை அணைத்துவிட்டு, படங்களை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, புதிய கணினியில் வைரஸ் சோதனை செய்துவிட்டுத் திறந்தால் அந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது.

அதைவிடப் பெரிய மறுப்பு: ‘கையில் போன் இருக்க இதெல்லாம் எதற்கு?’ போனுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. எந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட, வெள்ளை வெளிச்சத்தின் மேல் வைத்துப் படம் எடுத்து, நிறத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும். ஆனால் தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய சட்டகத்தை அவ்வளவு அருகில் கூர்மையாகப் பிடிக்கப் போன் லென்ஸ் சிரமப்படும். செம்மஞ்சள் அடிநிறத்தைக் கழிப்பதில் முகத்தின் நிறமும் கெட்டுப்போகும். நல்ல கமராவும் மேக்ரோ லென்ஸும் உள்ள கல்யாணப் படப்பிடிப்பாளர் ஊரில் இருந்தால், ஸ்கேனரை விட வேகமாகவே அவர் வேலையை முடிப்பார். அதை மறுக்கத் தேவையில்லை. ஸ்கேனரின் தனிப் பலம் தூசியில் இருக்கிறது. கூல்ஸ்கேன் போன்றவை சிவப்பு, பச்சை, நீலம் தவிர அகச்சிவப்பு ஒளியாலும் ஃபிலிமை ஒருமுறை வாசிக்கின்றன. கலர்ச் சாயத்தை அந்த ஒளி ஊடுருவிப் போகும். தூசியும் கீறலும் அதை மறிக்கும். எங்கே மறிக்கிறதோ அங்கே குறை என்று அறிந்து மென்பொருள் மூடிவிடுகிறது. தகரப் பெட்டியில் முப்பது வருடம் கிடந்த நெகட்டிவுக்கு இது மணிக்கணக்கான கைவேலையை மிச்சப்படுத்தும்.

ஸ்கேனரின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அகச்சிவப்பு முறை சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. அதில் படமே வெள்ளியால் ஆனது, வெள்ளி அந்த ஒளியை மறிப்பதால் முகத்தையே தூசி என்று எண்ணி மென்பொருள் அழிக்கப் பார்க்கும். கறுப்பு வெள்ளைக்கு அதை அணைத்துவிடுங்கள். அடுத்தது அளவு. பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களில் பல, 120 என்ற அகலச் சுருள். 35 மில்லிமீட்டர் ஸ்கேனருக்குள் அவை நுழையாது. கூல்ஸ்கேன் 8000, 9000 அல்லது மூடியில் விளக்குள்ள எப்சன் போன்ற தட்டை ஸ்கேனர் வேண்டும். நேரமும் எடுக்கும். சட்டகம் ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் 36 படச் சுருள் ஒன்றுக்கு 144 நிமிடம். இந்தக் குறைகள் எல்லாம் ஸ்கேனரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்கின்றனவே தவிர, அதை எறியச் சொல்லவில்லை.

‘புதிதாக ஒன்று வாங்கலாமே, கொழும்பில் கொடுத்துச் செய்யலாமே’ என்றும் கேட்கலாம். வாங்கக்கூடியவர் வாங்கட்டும். ஆனால் 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிப் பொருளின் விலை என்ன ஆனது என்று தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தூரத்துக் கடைக்கு அனுப்புவதில் கூலி மட்டும் பிரச்சினை இல்லை. ஒற்றைப் பிரதியைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. வராததும் நியாயம். ஸ்கேனர் ஊருக்குள் இருந்தால், படத்தின் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருந்து, முடிந்ததும் தன் நெகட்டிவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒன்று தேவையில்லை. கொஸ்லந்த, அப்புத்தளை, பண்டாரவளை என்று ஊருக்கு ஒன்று, ஒரு பாடசாலையிலோ நூலகத்திலோ பழைய ஸ்டூடியோவிலோ ஓடினால், சுற்றியுள்ள தோட்டங்கள் அனைத்துக்கும் அது போதும்.

படத்தின் சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பதில் இன்னொரு பெரிய இலாபம் பெயர்கள். காலனிக் காலப் படங்களில் இல்லாமல் போனது பெயர்தான். அதே பிழையை நாம் மறுபடி செய்யக் கூடாது. படம் திரையில் விரியும்போதே ‘இது யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருசம்’ என்று கேட்டு எழுதுங்கள். வயதானவர் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவும் செய்யலாம். கோப்பின் பெயரிலேயே தோட்டமும் வருடமும் வரட்டும். மூலப் பிரதியை 16 பிட் டிஃப் கோப்பாக வைத்தால் சட்டகம் ஒன்று ஏறக்குறைய 128 மெகாபைட் வரும். பகிர்வதற்குச் சிறிய ஜேபெக் பிரதி போதும். துடைக்கும்போது ஈரத் துணி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். ரப்பர் ஊதியும் மென்மையான தூரிகையும் போதும். குடும்பம் அனுமதி தராமல் எந்தப் படத்தையும் முகநூலில் போடக் கூடாது, பெண்களின் சடங்குப் படங்களை முக்கியமாக. பொதுவில் வைக்கலாம் என்று குடும்பம் சொன்னால், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன.

கடைசியாக, பிரதிகள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது காப்புப் பிரதி எடுப்போர் பின்பற்றும் விதி. கொஸ்லந்தைக்கு அதில் ஒரு திருத்தம் தேவை: வேறு ஊர் என்பது வேறு மலையாக இருக்க வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று ஊரின் பொது இடத்தில், ஒன்று கொழும்பிலோ கூடலூரிலோ இருக்கும் உறவினரிடம். ஒப்பந்தம் பிரித்துப் போட்ட குடும்பத்துக்கு அந்தத் தூரம் இந்த ஒரு விடயத்திலாவது காவலாக இருக்கட்டும்.

ஆகவே உங்கள் வீட்டிலோ கடையிலோ பழைய ஃபிலிம் ஸ்கேனர் இருந்தால் இன்றே அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்; அதோடு வந்த கேபிள், சிடி, நெகட்டிவ் பிடிக்கும் சட்டம், பழைய கணினி எதையும் எறியாதீர்கள். ஸ்கேனர் இல்லாதவர்கள் தகரப் பெட்டியைத் திறந்து, நெகட்டிவ்களை ஈரம் இல்லாத இடத்துக்கு மாற்றி, வீட்டின் மூத்தவரிடம் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். ஸ்கேனரைக் கணினியோடு இணைக்க ஒரு நாள் போகலாம், இரண்டு நாள் போகலாம். அது செய்து முடிக்கக்கூடிய வேலை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்து முடியுங்கள்.